மரண அறிவித்தலில் நான் சேர்த்த மூன்று சொற்கள்

டும்.

தொலைபேசிக்குள் கேட்கிறது. மாமா பேச்சை நிறுத்துகிறார். நான் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் டும். இந்த முறை யன்னல் கண்ணாடி அதிர்கிற சத்தமும் சேர்ந்து வருகிறது.

2008 ஒக்டோபர். சனிக்கிழமை. மொன்றியலில் காலை ஒன்பது இருபது. வவுனியாவில் மாலை ஆறு ஐம்பது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடிக் குசினியில் நிற்கிறேன். அம்மா புட்டுக்கு மா குழைக்கிறார். தொலைபேசி ஸ்பீக்கரில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் அம்மாவின் ஒரே தம்பி.

"பயப்பிடாதை பிள்ளை. இது இங்கயிருந்து அங்க போறது. அங்கயிருந்து இங்க வாறதுக்கு வேற சத்தம்," என்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் விளங்கப்படுத்தாமல் விடமாட்டார். "உங்கட ஊரில ஸ்னோ தள்ளுற மெஷின் மாதிரித்தான். பழகினால் நித்திரை வரும்."

பிறகு அந்த வேறு சத்தம் வந்தது. மெல்லிய விசில். நீண்டுகொண்டே போனது. தொலைபேசி எதன்மீதோ விழுந்தது. மாமா கத்தினார்.

"கீழ படு! பிள்ளையைப் பிடி! கீழ படு!"

ஒரு வெடி. அதன்பின் கூரை ஓடுகள் சரிகிற சத்தம். கோலிங் கார்டின் பெண்குரல் ஆங்கிலத்தில் குறுக்கே வந்து, இன்னும் நான்கு நிமிடங்கள் இருப்பதாகச் சொன்னது. நான்கு நிமிடமும் ஒரு குழந்தையின் அழுகை மட்டுமே கேட்டது. மாமாவின் மகள். அப்போது நான்கு வயது. கார்ட் முடியும் தறுவாயில் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தண்டவாளப் பக்கம் விழுந்ததாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லையாம். இணைப்பு அறுந்தது.

அம்மாவின் கையில் மா காய்ந்து போயிருந்தது.

அந்த நான்கு நிமிடத்தில்தான் எனக்கு எண்ணம் வந்தது. இதை நான் சொல்ல வேண்டும். என் வாயால். என் பெயரில். என் முகத்தோடு.

எனக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தில் அரசறிவியல், மூன்றாம் ஆண்டு. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் மூச்சு விடாமல் பேசுவேன். அந்த எண்ணம் வந்தபோது என் மனதில் மாமா இருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மேடை இருந்தது. ஒலிவாங்கி இருந்தது. கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் முகங்கள் இருந்தன.

ஒரு சிறிய குழுவில் சேர்ந்தேன். நிலக்கீழ் அறை ஒன்று. ஒன்பது பேர். இங்கே இருக்கும் தமிழ் வீடுகளுக்குப் போவோம். ஊரில் யாரை இழந்தார்கள், யாரை யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்போம். எழுதுவோம். மொழிபெயர்ப்போம். மனித உரிமை அமைப்புகளுக்கு அனுப்புவோம். ஆறு வாரத்தில் நான் மட்டும் பதினொரு வீடுகளுக்குப் போனேன். புரோசார்டில் நான்கு. ரொக்ஸ்பரோவில் ஒன்று. மீதி எங்கள் தெருக்களில். சாட்சியம் தந்தவர்களில் ஏழு பேர் அதற்கு முன் யாரிடமும் வாய் திறக்காதவர்கள். என்னிடம் திறந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள். நானும் நம்பினேன்.

குழுவை நடத்தியவர் கீதன் அண்ணை. முப்பத்தைந்து வயதிருக்கும். அச்சகத்தில் வேலை. அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். ஊரில் ஆட்கள் இருப்பவர்கள் பொதுவில் தங்கள் பெயரைச் சொல்லக்கூடாது. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு வேறு பெயர். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"அண்ணை, முகமூடி போட்டுக்கொண்டு ஆர் சாட்சி சொல்லுறது? ஆர் நம்புவினம்?"

"உனக்கு அங்க ஆர் இருக்கினம்?"

"வன்னிக்குள்ள பெரியம்மா ஆக்கள். வவுனியாவில ஒரு மாமா. அவர் கணக்கு வாத்தி. அரசியலெண்டால் என்னெண்டே தெரியாது."

"அதுதான் சொல்றன்," என்றார் கீதன் அண்ணை. "அவருக்கு ஒண்டும் தெரியாது. நீ கதைக்கிறது கூடத் தெரியாது."

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஒன்றும் செய்யாதவரை யார் என்ன செய்ய முடியும் என்றே நினைத்தேன். நாட்டைவிட்டு வந்தபோது எனக்கு ஆறு வயது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு என்ன நடக்கும் என்று பதினொரு வீடுகளில் கேட்டு எழுதியிருந்தேன். எழுதினேன். படிக்கவில்லை.

நவம்பரில் நகர மத்தியில் ஒரு மண்டபம். இருநூறு நாற்காலிகள். டிலானி என்று என் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். பதினாறு நிமிடம் பேசினேன். அந்த விசில் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். ஒரு பெண் அழுதார். யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். அடுத்த வாரம் பார்க் அவெனியூத் தமிழ்க் கடைக்காரர் என் கையில் சாப்பிட ஒரு ரோல்ஸைத் திணித்து, எங்கட பிள்ளை என்றார். அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை. மிதந்தேன்.

டிசம்பர். வியாழக்கிழமை. காலை எட்டு மணி பத்து. வன்னியிலிருந்து செய்தி வந்தது. அம்மாவின் அக்காவின் கணவர், என் பெரியப்பா, ஷெல் விழுந்து இறந்துவிட்டார். பதுங்குகுழிக்கு இரண்டு மீற்றர் தூரத்தில். அன்றே புதைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பார்க்க உடல் இல்லை. பூசை இல்லை. எங்களிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

ஆகவே அறிவித்தல்.

எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் என்பது பாதிச் செத்தவீடு. இணையத்தில் போடுவோம். அச்சடித்துக் கடைக் கதவுகளில் ஒட்டுவோம். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று ஒரு பெயர் விடாமல் எழுதுவோம். யார் எந்த நாட்டில், என்ன தொழிலில் என்று அடைப்புக்குறிக்குள் போடுவோம். ஒரு பெயர் விட்டால் அந்தக் குடும்பம் கதைக்காது. எங்கள் சித்தப்பா ஒருவரின் பெயர் ஒரு முறை தவறியதால் நான்கு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. அம்மா பெயர்களைத் தொலைபேசியில் சொன்னார். நான் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து தட்டச்சுச் செய்தேன். நாற்பது நிமிடம். பதின்மூன்று பெயர்.

மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியர் என்று போடச் சொன்னார் அம்மா. பள்ளிக்கூடத்தின் பெயரையும் போடச் சொன்னார். தம்பி படித்தவன் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். போட்டேன்.

கடைசிப் பெயர் என்னுடையது. டிலானி, மொன்றியல். அவ்வளவுதான் அம்மா சொன்னார். சுட்டி அந்த இடத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. பெரியப்பாவுக்கு நான் செய்வது இது என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய். மாமாவுக்கு ஒரு தொழில் இருந்தது. பிரான்ஸ் மச்சானுக்குப் பொறியியலாளர் என்று இருந்தது. எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மூன்று சொற்கள் சேர்த்தேன்.

மனித உரிமைச் செயற்பாட்டாளர்.

யாரும் கேட்கவில்லை. அம்மா அச்சில் பார்த்தார். வாசித்தார். நல்லாத்தான் இருக்கு என்றார்.

மண்டபத்தில் பேசிய டிலானி யார் என்று தேடியவர்களுக்கு அதுவரை ஒரு முகமும் ஒரு முதற்பெயரும்தான் இருந்தன. என் குடும்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன். தொழில், ஊர், பள்ளிக்கூடம், உறவுமுறை. எழுத்துப் பிழை இல்லாமல்.

2009 பெப்ரவரி. திங்கட்கிழமை. காலை ஏழு பதினைந்து. தொலைபேசி அடிக்கிறது. மாமி. மாமாவின் மனைவி. அழவில்லை. குரல் காய்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாமா பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. சைக்கிள் மதகில் சாத்தியிருக்கிறது. பூட்டியிருக்கிறது. பூட்டுவதற்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வருவோம் என்று நினைத்துத்தான் அவரும் பூட்டியிருக்கிறார்.

மூன்றாம் நாள் மாமியை இராணுவ முகாமுக்குக் கூப்பிட்டார்கள். விசாரணைக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். என்ன விசாரணை என்று கேட்டதற்கு ஒரு காகிதத்தைக் காட்டினார்கள்.

"உன்ர பெரியப்பாவின்ர அறிவித்தல் பிள்ளை. உன்ர பேருக்குக் கீழ சிவப்புப் பேனையால கோடு. இவரின்ர பேருக்குக் கீழயும் கோடு. ரெண்டையும் சேர்த்து ஒரு வளையம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. யன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி பின்னால் போகும்போது எழுப்புகிற பீப் சத்தம் நினைவிருக்கிறது. இருபத்தாறு தடவை.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, பதினொன்று நாற்பது. பல்கலைக்கழக நடைகூடம். கைத்தொலைபேசியில் மாமாவின் இலக்கம். நான் மாமா என்றேன். மாமா இல்லை. சுத்தமான தமிழ். மரியாதையான குரல்.

"தங்கச்சி, உங்கட வீடியோ பாத்தனாங்கள். நல்லாக் கதைக்கிறீங்கள்."

எனக்குப் பக்கத்தில் யாரோ பானம் எடுக்கும் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். டப்பா விழுந்தது. நான் நிலத்தில் குந்தினேன்.

"ஒரு சின்னக் கடிதம். நீங்கள் சொன்னது ஆரோ சொல்லித் தந்தது. இப்ப மனம் வருந்துறீங்கள். ரெண்டு வரி போதும். கீழ பேர், ஒரு படம். வெள்ளிக்கிழமை மாமா வீட்டில சாப்பிடுவார்."

மாமாவிடம் கொடுத்தார். மாமா என்னை ஒருபோதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் பிள்ளைதான்.

"டிலானி. நான் சுகம்," என்றார். கிளிக்.

கீதன் அண்ணையிடம் ஓடினேன். அச்சகத்தில் மை பூசிய கையோடு நின்று கேட்டார். எழுதினாலும் விடமாட்டார்கள் என்றார். ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், சர்வதேச அமைப்புகள் இருக்கின்றன, மாமாவின் பெயரை நாங்களே வெளியில் சொல்வோம், இரண்டு நாள் தா என்றார். எனக்கு இரண்டு நாள் இருக்கவில்லை. உண்மையில் இருந்தது. புதனிலிருந்து வெள்ளிவரை சரியாக இரண்டு நாள். நான் பொறுக்கும் ஆள் இல்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் எழுதி அனுப்பினேன். அந்தத் தொலைபேசிக் குரல் கேட்டது இரண்டு வரி. நான் ஒன்பது வரி எழுதினேன். கூடக் கொடுத்தால் கட்டாயம் விடுவார்கள் என்று நினைத்தேன். வீடு வீடாகப் போய் நான் வாங்கிய பதினொரு சாட்சியங்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தவை என்ற வரி அந்த ஒன்பதில் ஆறாவது. அதை யாரும் கேட்கவில்லை. அதையும் நான்தான் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை மாமா வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. என் கடிதம் வந்தது. ஒரு இணையத்தளத்தில், என் படத்தோடு, மூன்று மொழிகளில். மாமாவின் தொலைபேசி அதன்பின் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிப்பதையும் நிறுத்தியது.

அமைப்புகள் கீதன் அண்ணைக்கு எழுதின. மிக மரியாதையான மின்னஞ்சல்கள். பதினொரு சாட்சியங்களையும் இனிப் பயன்படுத்த முடியாது.

மார்ச். ஞாயிறு. ரயிலில் ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். பனி கரைந்து சேறாகக் கிடந்தது. ஐந்தாவது சாட்சியம் தந்தவர் திரேசா அன்ரி. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். பத்தொன்பது வயது மகனை யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை அவர் சொன்ன ஒரே ஆள் நான். அன்று சொல்லி முடிக்க மூன்று மணித்தியாலம் எடுத்தது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை.

"நீ உன்ர மாமாவுக்காகத்தானே எழுதினனி. நான் எண்டாலும் எழுதியிருப்பன். என்ர பிள்ளையை விடுறம் எண்டு சொன்னால் உன்னைப் பற்றியும் எழுதியிருப்பன்." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "ஆனா பிள்ளை, அவனுக்கு எண்டு ஒரு பேப்பர் இருந்தது. அவன் எங்க போனான் எண்டு ஆரும் ஒரு நாள் கேட்டால் காட்ட. இப்ப அதில பொய் எண்டு எழுதியிருக்கு. எழுதினது நீ."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். குளிருது, தொப்பியைப் போடு என்றார். அவர் ஏசியிருக்கலாம்.

மே. போர் முடிந்தது என்றார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் எதிர்ப்புக் காட்டத் தெருவில் நின்றார்கள். எங்கள் கட்டடமே இறங்கிப் போனது. நான் போகவில்லை. யன்னல் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். மேளச் சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்டது. அந்தக் கூட்டத்தில் பதினொரு வீட்டாரும் நின்றிருப்பார்கள்.

ஜூன். மாமியை உள்ளே விட்டார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மாமி. அந்தப் பக்கம் மாமா. பத்து நிமிடம். மறுநாள் காலை எட்டு முப்பதுக்கு மாமி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டோம். மாமா பாதியாகப் போய்விட்டாராம். இடது கைவிரல் இரண்டு மடங்கவில்லையாம். மூன்று வாரம் ஒரே கேள்வியாம். அந்த மூன்று சொல்லுக்கு என்ன கருத்து? எந்த அமைப்பு? நீ என்ன அனுப்பினாய்? அவருக்குத் தெரியாது. அவள் படிக்கிற பிள்ளை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அடித்திருக்கிறார்கள்.

"இவர் ஒண்டுதான் கேட்கச் சொன்னவர் மச்சாள்," என்றார் மாமி. "அறிவித்தலில அதை ஆர் போட்டது?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் இருந்த கரண்டிகளைப் பார்த்தேன். ஐந்து கரண்டி. ஒரு அகப்பை.

"ரைப் அடிச்ச ஆக்கள் தங்கட பாட்டில போட்டிட்டினம்," என்றார் அம்மா.

"அந்த ஆக்கள் நல்லா இருக்கமாட்டினம்," என்றார் மாமி.

நான் வாய் திறக்கவில்லை. மூன்று மொழிகள் இருந்தன. ஒன்றிலும் திறக்கவில்லை. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஷபனெல் தெருத் தையல் ஃபக்டரி. அன்று முழுவதும் தவறான பக்கத்தில் கொலர் தைத்ததாகப் பின்னர் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

இப்போது 2009 நவம்பர். கணக்கு இது.

மாமா. ஒன்பது மாதமாக உள்ளே. குற்றப்பத்திரிகை இல்லை. வழக்கு இல்லை. வெள்ளிக்கிழமைகள் முப்பத்தெட்டு.

அவருடைய இரண்டு விரல்கள். சுண்ணக்கட்டி பிடிக்கும் கை. அவர் இடக்கையர்.

அவருடைய வேலை. அந்த வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்துவிட்டார்.

மாமி இருந்த வாடகை வீடு. வீட்டுக்காரர் பயந்து எழும்பச் சொல்லிவிட்டார். இப்போது ஒரு கோவில் மண்டபத்தின் பின் அறை.

அவர்களுடைய மகள். ஐந்து வயது. இருக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பெரியப்பா. பெரியம்மா. அவர்களின் இளைய மகள். ஏப்ரலுக்குப் பிறகு பெரியம்மா, மகள் இருவரின் சத்தமும் இல்லை. இவர்களை ஷெல் கொண்டுபோனது. என் கணக்கில் சேராது. ஆனால் பெரியப்பாவின் சாவை வைத்து நான் என்ன செய்தேன் என்பது சேரும்.

பதினொரு சாட்சியங்கள். இருபத்தேழு பெயர்கள். அதில் பத்தொன்பது பேரைப் பற்றி வேறு எவரும் எங்கும் எழுதவில்லை.

கீதன் அண்ணையின் குழு. ஒன்பது பேரில் இப்போது மூன்று பேர்.

என் பெயரை நான் இதில் சேர்க்கவில்லை. நான் பல்கலைக்கழகம் போகிறேன். சாப்பிடுகிறேன். குளிருக்கு நல்ல மேலங்கி இருக்கிறது.

சென்ற வாரம் கீதன் அண்ணையிடம் போனேன். என் கடிதம் பொய் என்று சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். எப்படி எழுத வைத்தார்கள், யார் உள்ளே இருக்கிறார், எல்லாம். அவர் வேலையை நிறுத்தாமல் ஒரு கேள்வி கேட்டார். "மாமியைக் கேட்டனியோ?" நான் இல்லை என்றேன். "கேட்டிட்டு வா," என்றார்.

பதின்மூன்று மாதத்தில் நான் ஒருவரையும் ஒன்றும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாமாவை ஆபத்தில் போட்டபோது கேட்கவில்லை. திரேசா அன்ரியின் மகனைப் பொய்யாக்கியபோது கேட்கவில்லை. இப்போதும் கேட்காமல்தான் வந்திருந்தேன். அதே வேகம். அதே நான்.

கடதாசி எழுதி வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். இதையும் எழுதியிருக்கிறேன். இதில் மாமாவின் பெயர் இல்லை. அவர் உள்ளே இருக்கும்வரை அதைச் சொல்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர் மாமி. வெளியில் சொன்னால் அவரைக் காப்பாற்றும் என்கிறார் கீதன் அண்ணை. இன்னும் அடிப்பார்கள் என்கிறார் அம்மா. எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லும் ஆளாக இருந்துதான் இவ்வளவும் வந்தது. மாமி வேண்டாம் என்றால் கடதாசி போகாது. அப்போது சாட்சியங்களை மட்டும் திருப்பி எழுத, பதினொரு கதவையும் மறுபடி தட்டுவேன். திறக்கிறார்களோ இல்லையோ.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மாமிக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறேன். அங்கே இரவு ஏழு மணி. மாமி மகளுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்திருப்பார். அம்மாவும் பக்கத்தில் நிற்பார். மாமி எடுத்தவுடன் எப்படி பிள்ளை, படிப்பு எப்படி என்று கேட்பார். எப்போதும் அப்படித்தான். நான் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே மாமி வாய் திறக்க முன், நான்தான் போட்டது என்று சொல்ல வேண்டும்.